உளி படாமல் உள்ளே காண்டல்

கழுகுமலை வெட்டுவான் கோயிலை நாம் நன்கு அறிவோம். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாக ஏறத்தாழ 25 அடி ஆழம் வெட்டி அதனைப் படைத்தனர். பாறையினுள் வெடிப்பு இருந்திருப்பின், உளி அவ்விடத்தை அடைந்த பின்னரே அவர்கள் அறிந்திருப்பர்.

மருத்துவர் நிலையும் நெடுங்காலம் இதுவே. எக்ஸ்ரே படம் வந்தபின்னும், உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நிழலாகவே தெரிந்தன. 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி இக்குறையைத் தீர்த்தது. பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, உடலைக் கடந்து வந்த அளவைக் கணக்கிட்டு, கணினி குறுக்குவெட்டுப் படம் வரைகிறது. வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக அரிந்தாற்போன்ற தோற்றம், கத்திதான் இல்லை! அன்று ஒரு வெட்டுப்படத்திற்கே சில நிமிடங்கள் ஆயின. 1998இல் ஒரே சுற்றில் நான்கு வெட்டுப்படங்களைப் பதியும் கருவிகள் வந்தன. பின்னர் அவை 16, 64 எனப் பெருகின. இன்று மூச்சடக்கும் பொழுதிற்குள் மார்பு முழுவதும் பதிவாகிவிடும்.

ஆய்வுலகிலும் இதன் பயன் பெரிது. 2005இல் எகிப்திய மன்னன் துட்டன்காமனின் உடலைச் சுமார் 1,700 படங்களாக எடுத்தவர்கள், தலையில் அடித்துக் கொன்றனர் என்ற பழங்கதைக்குச் சான்றில்லை எனக் கண்டனர்.

எனினும் நம் கரிசல் மண்ணுக்கு இக்கருவி இன்றியமையாததாவது பக்கவாதத்தில்தான். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டாலும் கை கால் விளங்காது. வெடித்துக் குருதி கசிந்தாலும் விளங்காது. வெளித்தோற்றத்தால் இரண்டையும் பிரித்தறிதல் அரிது. ஸ்கேனிலோ கசிந்த குருதி வெண்மையாகத் துலங்கும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். குருதிக் கசிவு உள்ளவருக்குச் செலுத்தினால் அம்மருந்தே உயிரைப் பறிக்கும். ஆதலால் ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவரும் அதனைத் தொடத் துணியார்.

படமெடுக்கச் சில நொடிகளே போதும். காலம் கரைவது வீட்டிலும் வழியிலுமே. கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ இன்னும் தொலைவு. இதனிடையே புறா இரத்தம் தடவிப் பொழுதைப் போக்குவாரும் உளர் என்பது வருந்தத்தக்கது. மருத்துவமனையில் முதலில் கேட்கப்படுவது, நோய் கண்ட நேரம். உறக்கத்தில் கண்டதாயின், அவர் கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்பதையே கணக்கில் கொள்வர். உடன் செல்பவர் அந்நேரத்தைக் குறித்துச் செல்லுதல் நலம்.