மலிவு விலையில் 'ஐ7' கணினி: வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த ஐ7?'

"கோர் ஐ7, 16ஜிபி ரேம், 512ஜிபி எஸ்எஸ்டி, 4ஜிபி கிராபிக்ஸ், 24 அங்குலத் திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் சேர்த்து 899 ரிங்கிட். வீடு வரை இலவசமாக அனுப்பி வைக்கப்படும்."

இணைய வணிகத் தளங்களில் கணினி தேடுவோர் கண்ணில் இந்த வகை விளம்பரம் படாமல் போகாது. பெட்டியின் முன்புறம் வண்ண விளக்குகள் மின்னும். கண்ணாடிக் கதவு வழியாக மின்விசிறிகள் சுழல்வது தெரியும். பாடத்துக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும் என்று பிள்ளை கேட்க, விலையைப் பார்த்த பெற்றோருக்கும் மறுக்கத் தோன்றாது. பேரங்காடியில் புதிய கணினியின் விலையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது அதிர்ஷ்டம் போலத்தான் தெரியும்.

இத்தகைய விளம்பரங்களில் முழுப் பொய் இருப்பது குறைவு. உள்ளே ஐ7 இருக்கும், 16ஜிபி ரேமும் இருக்கும். சொல்ல வேண்டிய மற்றவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுவதில்தான் சிக்கல். அதனால், வாங்கலாமா வேண்டாமா என்பதை விளம்பரத்தில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. எழுதாமல் விட்டதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் கேள்வி, எந்த ஐ7 என்பது. இன்டெல் நிறுவனம் 'ஐ7' என்ற பெயரைப் பல ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. விளம்பரம் 'ஐ7' என்பதோடு நின்றுவிட்டால், பெரும்பாலும் அந்த எண் விற்பனைக்கு உதவாத எண் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐ7-2600 சந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். அன்று அது உயர்ரகம். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100, இன்டெல் வரிசையில் கீழ்நிலையில் இருப்பது. இரண்டிலும் நான்கு கோர்கள்தான். ஆனால் அந்த 'எளிய' ஐ3, பழைய ஐ7-ஐ விட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் வேலை செய்கிறது. ஐ3-ஐ விட ஐ5, அதை விட ஐ7 என்ற கணக்கு ஒரே தலைமுறைக்குள் மட்டும்தான் செல்லும்.

இவ்வளவு பழைய பிராசசர்கள் எங்கிருந்து வருகின்றன? நிறுவனங்களும் தரவு மையங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளைக் கழிக்கின்றன. பிராசசர் எளிதில் பழுதாகாத பாகம் என்பதால், கழற்றி மீண்டும் விற்கப்படுகிறது. அதற்குப் பொருந்தும் மதர்போர்டுகளை எச்61, பி75, எக்ஸ்79, எக்ஸ்99 போன்ற பெயர்களில் சீனாவில் சிறு நிறுவனங்கள் இன்னும் தயாரிக்கின்றன. 'ஜியோன்' என்ற பெயரில் பத்து, பதினான்கு கோர்கள் என்று விளம்பரம் வந்தால், அது பெரும்பாலும் ஏதோ ஒரு சர்வரிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிராசசர். பிராசசருக்கு வயது பத்துக்கு மேல், மதர்போர்டு நேற்று செய்தது, பெட்டி புத்தம் புதியது. அந்த நிலையில் 'புதிய கணினி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

பழையது என்பதாலேயே கெட்டது என்றாகிவிடாது. கட்டுரை தட்டச்சு செய்யவும் யூடியூப் பார்க்கவும் அந்த ஐ7 இன்றும் ஓடும். ஆனால் 2025 அக்டோபருக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது.

விண்டோஸ் 11 என்னும் கோடு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திக் கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், ஏறக்குறைய இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரும் தேவை. ஏஎம்டி என்றால் ரைசன் 3000 வரிசையிலிருந்து தேடுவது பாதுகாப்பு.

அப்படியானால் இரண்டாம் தலைமுறை ஐ7 கணினியில் 'விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்' என்று எப்படி விற்கிறார்கள்? அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு. கணினியும் ஓடும். ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாப்ட் தருவதில்லை. அந்தக் கணினியில்தான் அம்மா வங்கிக் கணக்கைத் திறப்பார், அப்பா வருமான வரிப் பாரத்தை நிரப்புவார்.

பிள்ளைகளுக்கு இதைவிட உடனடியாக உறைக்கும் சேதி ஒன்று உண்டு. இளைஞர்கள் விரும்பி விளையாடும் 'வேலோரண்ட்', விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-உம் 'செக்யூர் பூட்' வசதியும் இல்லாவிட்டால் திறக்காது. 'கேமிங் பிசி' என்று வாங்கியது, அந்த விளையாட்டின் வாசலிலேயே நின்றுவிடும்.

4ஜிபி என்பது வேகம் அல்ல

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். '4ஜிபி கிராபிக்ஸ்' என்பது அதன் நினைவகத்தின் அளவு, திறன் அல்ல. 2014-இல் வந்த ஜிடி 730 கார்டிலும் 4ஜிபி உண்டு, 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டிலும் 4ஜிபி உண்டு. விளையாட்டில் இரண்டாவதன் அருகில்கூட முதலாவது வராது. ஆர்எக்ஸ் 580 என்று இருந்தால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2304 கணிப்பு அலகுகள் உண்டு. சீனச் சந்தைக்காக 2018-இல் வந்த '2048எஸ்பி' வகை அதே பெயரைத் தாங்கியிருந்தாலும், உள்ளே அது ஒரு படி கீழே உள்ள ஆர்எக்ஸ் 570-க்கு நிகரானது. கிரிப்டோ நாணயம் தோண்ட இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகளும் இந்தச் சந்தையில் ஏராளம்.

ரேம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிடிஆர்3 என்றால் கணினி பழையது, டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 என்றால் பரவாயில்லை. எஸ்எஸ்டி-யின் நிறுவனப் பெயரைக் கேளுங்கள். பெயரே சொல்லாத எஸ்எஸ்டி-யில் பிள்ளையின் ஆண்டு முழுவதற்குமான பயிற்சி வேலைகளைச் சேமித்து வைப்பது துணிச்சலான காரியம்.

விளம்பரத்தில் ஒருபோதும் முதல் வரியில் வராத பாகம் ஒன்று உண்டு. அது பவர் சப்ளை. மின்சாரத்தை வாங்கி மற்ற எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான், ஏனென்றால் அது வெளியே தெரியாது, வண்ணத்தில் மின்னாது. '500 வாட்' என்று ஒட்டியிருக்கும் மலிவான பெட்டி பாதி சுமையைக்கூடத் தாங்காமல் திணறலாம். விளையாட்டின் நடுவே கணினி தானாக அணைவது அதன் முதல் அறிகுறி. பழுதாகும்போது மதர்போர்டையும் எஸ்எஸ்டி-யையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் பாகமும் அதுதான். மற்றதில் சமரசம் செய்துகொள்ளலாம், இதில் கூடாது. நிறுவனத்தின் பெயர், மாடல் எண், '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 80 பிளஸ் என்பது மின் சிக்கனத்துக்கான சான்று, பாதுகாப்புக்கானது அல்ல. இருந்தாலும் எந்தச் சான்றும் இல்லாததை விட அது மேல். கணினியோடு வரும் மின்கம்பியில் நம் நாட்டின் மூன்று முனை பிளக்கும் சிரிம் முத்திரையும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இரு முனை பிளக்கில் அடாப்டரைச் செருகி அனுப்பியிருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

விலை நியாயமா என்பதை அறிய ஒரு எளிய வழி உண்டு. பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, பெட்டி, திரை ஆகியவற்றின் மாடல் பெயர்களை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொன்றையும் அதே இணையத் தளத்தில் தனித்தனியாகத் தேடி, புதியதா பழையதா என்று பிரித்து, விலையைக் கூட்டுங்கள். அரை மணி நேர வேலை. கூட்டுத்தொகையை விட விளம்பர விலை நூறு, நூற்றைம்பது ரிங்கிட் கூடுதல் என்றால் அது பொருத்தித் தருவதற்கான கூலி, தவறில்லை. கூட்டுத்தொகையை விட மிகவும் குறைவு என்றால், சொன்ன பாகங்களில் ஏதோ ஒன்று சொன்னபடி இல்லை. மாடல் பெயர்களைத் தரவே மறுப்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

விளக்குகள் இல்லாத பெட்டி

இதே தொகைக்குள் தேடுவோர் பார்க்க வேண்டிய இன்னொரு பக்கம் உண்டு. நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகை அலுவலகக் கணினிகள் இணையத்திலும், கோலாலம்பூர் லோயாட் பிளாசா போன்ற இடங்களிலும் பழைய பொருளென்று சொல்லியே விற்கப்படுகின்றன. கருப்புப் பெட்டி, ஒரு விளக்கும் மின்னாது. ஆனால் எட்டாம் தலைமுறை ஐ5, 8ஜிபி ரேம், நல்ல எஸ்எஸ்டி உள்ள ஒரு ஆப்டிபிளெக்ஸ் 3060 அல்லது எலைட்டெஸ்க் 800 ஜி4, பள்ளியின் டெலிமா தளத்துக்கும் இணைய வகுப்புக்கும் தாராளமாகப் போதும். விண்டோஸ் 11-உம் முறைப்படி ஓடும். படிப்புக்குத்தான் கணினி என்றால், மின்னும் பெட்டியை விட இதுவே மேல்.

இங்கும் பெயரை மட்டும் நம்பக் கூடாது. டெல் நிறுவனம் 'ஆப்டிபிளெக்ஸ் 7010' என்ற பெயரை 2012-இல் மூன்றாம் தலைமுறைக் கணினிக்கு வைத்தது. பிறகு 2023-இல் பதிமூன்றாம் தலைமுறைக் கணினிக்கும் அதே பெயரை வைத்துவிட்டது. ஒரே பெயர், இடையில் பதினோரு ஆண்டுகள்! குழப்பத்தைத் தீர்க்க, பெட்டியில் ஒட்டியிருக்கும் 'சர்வீஸ் டேக்' எண்ணின் படத்தைக் கேட்டு வாங்கி டெல் இணையத்தளத்தில் போட்டால், அது எப்போது அனுப்பப்பட்டது, முதலில் என்னென்ன பாகங்களோடு இருந்தது என்று தெரிந்துவிடும். சிறிய அளவு அலுவலகக் கணினிகளில் பவர் சப்ளை அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால், பிற்பாடு பெரிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

பொருள் வந்து சேர்ந்ததும் பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு மூன்று இலவச மென்பொருள்கள் போதும். சிபியு-இசட், பிராசசரையும் ரேமையும் காட்டும். ஜிபியு-இசட், வேறு பெயரில் திரியும் போலி என்விடியா கார்டுகள் பலவற்றைக் காட்டிக் கொடுக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லும். ஒரு ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 'புதியது' என்று வந்த எஸ்எஸ்டி 20,000 மணி நேரம் காட்டினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸ் அமைப்புகளில் 'ஆக்டிவேஷன்' பகுதியையும் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாகச் செயல்படுத்தப்பட்டது என்ற வாசகம் இருந்தால், வீட்டுக் கணினிக்கு அது முறையான உரிமம் அல்ல. 'ஆபீஸ் இலவசம்' என்பதும் பெரும்பாலும் அப்படித்தான். உரிமத்தைத் திறக்க என்ன மென்பொருளைப் போட்டார்கள், அதோடு வேறு என்ன நுழைந்தது என்பது யாருக்கும் தெரியாது.

இவற்றையெல்லாம் முடிக்கும் வரை 'பொருள் கிடைத்துவிட்டது' என்ற பொத்தானை அழுத்த வேண்டாம். தளத்தின் உத்தரவாதம் இருக்கும் இடங்களில், அதை அழுத்தும் வரையோ குறிப்பிட்ட நாள்கள் கழியும் வரையோதான் பணம் தளத்திடம் நிற்கும். கொஞ்சம் தள்ளுபடி தருகிறேன், வாட்ஸ்அப்பில் பேசி நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று சொல்பவர், அந்தப் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே அழைக்கிறார். தனியாரிடம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், அந்தக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் முதலில் தேடிப் பாருங்கள். பணம் போன பிறகு மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மோசடி என்று சொல்ல முடியாத, ஆனால் சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்ற வழக்குகளுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், இணையம் வழியாகவும் செய்யலாம்.

ஆனால் மனுவில் எதிர்த் தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். இணையத்தில் வணிகம் செய்வோர் தங்கள் பெயர், நிறுவனப் பதிவு எண், தொடர்பு விவரங்களை வெளியிட வேண்டும் என்பது விதி. அவை இல்லாத கடைக்கும், வெளிநாட்டிலிருந்து அனுப்பும் கடைக்கும் எதிராகத் தீர்ப்பு கிடைத்தாலும் அதைச் செயல்படுத்துவது கடினம். பழையதை விற்கும் தனிநபர், வணிகர் அல்லர் என்பதால் மன்றத்துக்குள் வரமாட்டார். வாங்குவதற்கு முன்பே அந்தப் பதிவு எண்ணையும் விளம்பரப் பக்கத்தையும் மாடல் பெயர்கள் உள்ள உரையாடலையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்ற பிறகு விளம்பரத்தின் வாசகம் மாறிவிடலாம்.