தூசு வட்டில் ஒரு துளை

2004 மே மாதம் நாசா ஒரு செய்தி வெளியிட்டது. இடப ராசி மண்டலத்தில், சுமார் 420 ஒளியாண்டு தொலைவில், கோகு டௌ 4 என்றொரு விண்மீன். அதற்கு வயது ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டு. 460 கோடி ஆண்டு கண்ட நம் சூரியனோடு பார்த்தால் பிறந்த பிள்ளை. அதைச் சுற்றியுள்ள தூசு வட்டின் நடுவே பெரிய துளை விழுந்திருக்கிறது, அங்கிருந்த தூசை ஒரு கோள் துடைத்திருக்கலாம் என்றது செய்தி.

துளையை யாரும் பார்க்கவில்லை. இதற்கான அளவீட்டைத் தந்த ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி 85 சென்டிமீட்டர்தான். அவ்வளவு தொலைவிலுள்ள வட்டு அதற்கு வெறும் புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியின் அகச்சிவப்பு ஒளியைப் பிரித்தால் விஷயம் வெளிவரும். விண்மீனை ஒட்டிய தூசு சுமார் 1,500 கெல்வின் வரை சூடேறி 2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும். அதற்கும் மேல் சூடேறினால் ஆவியாகிவிடும். தள்ளியிருக்கும் 300 கெல்வின் தூசு 10 மைக்ரோமீட்டரில் ஒளிரும். வெளிவிளிம்பில் குளிர்ந்து கிடப்பது 50 மைக்ரோமீட்டருக்கும் மேல். ஆக, எந்த அலைநீளத்தில் ஒளி குறைகிறதோ, அதற்குரிய தூரத்தில் தூசு இல்லை. கோகு டௌ 4-இல் 8 மைக்ரோமீட்டர் வரை விண்மீனின் ஒளி மட்டுமே வந்தது. அதைத் தாண்டியதும் எகிறியது. கணக்குப் போட்டதில் துளையின் ஆரம், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் பத்து மடங்கு.

இதை அளக்கத் தொலைநோக்கியே குளிர்ந்திருக்க வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் ஆடியும் 10 மைக்ரோமீட்டரில் ஒளிரும் என்பதால், பட்டப்பகலில் நட்சத்திரம் தேடிய கதையாகிவிடும். ஸ்பிட்சரைக் குளிர்வித்தது திரவ ஹீலியம். 2009 மே மாதம் அது தீர்ந்ததும் ஒளியைப் பிரிக்கும் கருவியின் வேலையும் முடிந்தது.

கோளைப் பற்றி இவ்வளவு ஆர்வம் ஏன்? இளம் விண்மீன்களில் பாதி, சுமார் 30 லட்சம் ஆண்டுகளிலேயே உள்வட்டை இழந்துவிடுகின்றன. வியாழனைப் போன்ற வாயுக்கோள் உருவாக வேண்டுமானால், வட்டில் வாயு தீருவதற்குள் உருவாகியாக வேண்டும். பத்து லட்சம் ஆண்டிலேயே ஒரு கோள் உருவாகியிருந்தால், அவ்வளவு விரைவில் அது முடியும் என்பதற்குச் சான்றாகியிருக்கும்.

2008-இல் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி கோகு டௌ 4-ஐக் கூர்ந்து பார்த்தது. அங்கே இருந்தவை இரண்டு விண்மீன்கள்! துடைத்தது கோளல்ல, துணை விண்மீன். ஸ்பிட்சரின் அளவீட்டில் பிழையில்லை, துளை இருப்பது உண்மைதான். அவசரப்பட்டது அதற்குச் சொன்ன காரணம்.

துளையை வைத்துக் கோளை ஊகிப்பது வேறு, கோளையே காண்பது வேறு. துளைக்குள் கோளையே காண இன்னும் பத்தாண்டு ஆயிற்று. 2018-இல், சுமார் 370 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிடிஎஸ் 70 விண்மீனின் வட்டு இடைவெளியில், ஒரு கோளைச் சிலியிலிருந்து அகச்சிவப்பில் படம்பிடித்தார்கள். மறு ஆண்டே அங்கு இரண்டாவது கோளும் அகப்பட்டது.