உருளைக்கிழங்கு: இரகமும் நாள் கணக்கும்

பம்பாய்ப் பெருநகரின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, கடற்கழிக்கு அப்பால் எழுப்பப்பட்ட நவி மும்பையின் பகுதிகளுள் நெருளும் ஒன்று. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல பிற்காலத்தில் இங்கே குடியேறியுள்ளன. நெருளுக்குச் சற்று வடக்கே, வாஷியை அடுத்த துர்பேயில், வெங்காயத்திற்கும் உருளைக்கிழங்கிற்குமான மொத்த விற்பனைச் சந்தை இயங்கி வருகிறது. உத்தரப் பிரதேசத்தின் ஆக்ரா, மத்தியப் பிரதேசத்தின் இந்தோர், குஜராத்தின் டீசா, மராட்டியத்தின் பூனா மாவட்டம் எனப் பல திசைகளிலிருந்தும் மூட்டைகள் இங்கே வந்து இறங்குகின்றன.

நெருளில் கிழங்கு வாங்கும் இல்லத்தரசி ஒரு மாதம் வாங்கிய கிழங்கின் தோல் கைபட்டாலே உரிவதையும், மற்றொரு மாதம் வாங்கியது வறுக்கும்போது கருத்து இனிப்பதையும் காண்கிறார். கடைக்காரரிடம் குறை கூறுவதும் உண்டு. ஆனால் இவ்வேறுபாட்டில் கடைக்காரருக்குப் பங்கு மிகக் குறைவு. அந்தக் கிழங்கு எந்த இரகம், மண்ணுக்குள் எத்தனை நாள் இருந்தது, பின்னர் எங்கே எவ்வளவு காலம் வைக்கப்பட்டது என்பவையே இதனைத் தீர்மானிக்கின்றன. நுகர்வோருக்கு இது சுவை பற்றிய செய்தி. பயிரிட்டவருக்கோ ஆண்டு வருமானம் பற்றிய செய்தி.

மூன்று வகுப்புகள்

நடவு செய்த நாளிலிருந்து அறுவடைக்கு ஏற்ற நிலையை அடையும் வரை ஆகும் காலத்தைக் கொண்டு உருளைக்கிழங்கு இரகங்கள் மூன்றாகப் பகுக்கப்படுகின்றன. வட இந்தியச் சமவெளியின் குளிர்காலப் பயிரை அளவுகோலாகக் கொண்டால், ஏறத்தாழ 70 முதல் 90 நாட்களில் முதிர்பவை குறுகிய கால இரகங்கள். 90 முதல் 110 நாட்கள் வரை எடுத்துக்கொள்பவை மத்திய கால இரகங்கள். அதற்கும் மேற்பட்ட காலம் வேண்டுபவை நீண்ட கால இரகங்கள்.

1968-இல் வெளியிடப்பட்ட குஃப்ரி சந்திரமுகி முதல் வகுப்பைச் சேர்ந்தது. 1996-இல் வந்த குஃப்ரி அசோகாவும், 1998-இல் வந்து மிகப் பரந்த அளவில் பயிராகும் குஃப்ரி புக்ராஜும் விரைவில் பருக்கும் இயல்புடையவை. 1968-இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி, 1979-இல் வந்த குஃப்ரி பாதுஷா, 1980-இல் வந்த குஃப்ரி பஹார் ஆகியவை மத்திய கால இரகங்கள். 1967-இல் வெளியிடப்பட்ட சிவப்புத் தோலுடைய குஃப்ரி சிந்தூரி நீண்ட கால இரகமாகும். வறுவல் தயாரிப்பதற்கென்றே 1998-இல் வெளியிடப்பட்ட குஃப்ரி சிப்சோனா இரகங்கள் முழுமையாக முதிர ஏறத்தாழ 110 நாட்கள் தேவைப்படுகின்றன.

இப்பெயர்கள் அனைத்திற்கும் முன்னொட்டாக நிற்கும் குஃப்ரி என்பது இமாசலப் பிரதேசத்தில் சிம்லாவிற்கு அருகிலுள்ள ஒரு மலையூர். நீண்ட பகலும் குளிர்ச்சியும் நிலவும் அவ்விடத்தில் உருளைக்கிழங்குச் செடி நன்கு பூத்துக் காய்க்கும். எனவே கலப்பினப் பணி அங்கே நடத்தப்பட்டது. 1949-இல் பாட்னாவில் தொடங்கப்பெற்று, 1956-இல் சிம்லாவிற்கு மாற்றப்பட்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இவ்விரகங்களை உருவாக்கியது. 1949-50-இல் நாட்டில் 2.34 இலட்சம் ஹெக்டேரில் 15.4 இலட்சம் டன் கிழங்கு விளைந்தது. இன்று விளைச்சல் ஆண்டுக்கு 5 கோடி டன்னைக் கடந்துவிட்டது. உலகில் சீனத்திற்கு அடுத்த இடம் இந்தியாவுடையது.

நாட்களை நிர்ணயிப்பவை எவை?

உருளைக்கிழங்கு என்பது வேர் அன்று; மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்து உருவாவது. செடி முளைத்துச் சில வாரங்களில் இத்தண்டுகள் கிளைக்கின்றன. பின்னர் அவற்றின் நுனிகளில் கிழங்கு தோன்றுகிறது. அதன்பின் இலைகள் ஆக்கிய மாவுச்சத்து கீழிறங்கி அதனைப் பருக்கச் செய்கிறது. இறுதியில் இலை மஞ்சளாகிச் செடி சாய, கிழங்கின் தோல் இறுகுகிறது. குறுகிய கால இரகத்தில் கிழங்கு தோன்றுவதும் பருப்பதும் முன்னதாகவே நிகழ்கின்றன. நீண்ட கால இரகம் முதலில் இலையையும் தண்டையும் பெருக்கிக்கொண்டு, பிறகே கிழங்கில் கவனம் செலுத்துகிறது. காத்திருக்க வாய்ப்பிருந்தால் பிந்தையது கூடுதல் விளைச்சல் தரும்.

பகல் பொழுதின் நீளமும் இரவின் வெப்பமும் இந்நிகழ்ச்சிகளை ஆள்கின்றன. பகல் குறுகியும் இரவு குளிர்ந்தும் இருந்தால் கிழங்கு விரைவில் தோன்றும். இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்டால் கிழங்கு பிடிப்பது குன்றும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் சூழலில் கிழங்கு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நீண்ட பகலுடைய ஐரோப்பியக் கோடையில் ஐந்து மாதம் வரை நிற்கும் இரகங்கள் இந்தியச் சமவெளிக்குப் பொருந்தாமற்போனதற்குக் காரணம் இதுவே. இங்கே இரண்டு வெப்பக் காலங்களுக்கு இடைப்பட்ட மூன்று அல்லது மூன்றரை மாதக் குளிருக்குள் பயிர் முடிந்தாக வேண்டும்.

ஆகவே ஓர் இரகத்திற்குரிய நாள் கணக்கு எங்கும் மாறாத எண் அன்று. கங்கைச் சமவெளியில் 90 முதல் 100 நாட்களில் முதிரும் குஃப்ரி ஜோதி, குளிர்ச்சி மிக்க நீலகிரியில் ஏறக்குறைய 120 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. விதைக்கிழங்கின் நிலையும் இதில் பங்கு கொள்கிறது. அறுவடையான கிழங்கு சில வாரங்கள் உறங்கிக் கிடந்த பின்னரே முளைவிடும். உறக்கம் கலையாத விதையை நட்டால் நாட்கள் வீணாகும். குட்டையான, திடமான முளைகள் தோன்றிய விதையை நட்டால் பயிர் முந்தும்.

தக்காணத்தின் தனி இயல்பு

மும்பைக்கு அண்மையில் உருளைக்கிழங்கு விளையும் முதன்மையான பகுதி பூனா மாவட்டமாகும். அங்குள்ள ஆம்பேகாவ் வட்டத்தின் சாத்காவ் மேட்டுநிலத்தில் சூன், சூலை மாதங்களில் நடவு செய்து, மழைக்காலத்தின் இறுதியில் கிழங்கெடுக்கின்றனர். வடக்கே குளிர்பதனக் கிடங்குகளிலுள்ள சரக்கு கரைந்துகொண்டும், புதிய பயிர் இன்னும் நிலத்திலேயும் இருக்கும் காலம் அது. எனவே தக்காணத்துப் புதுக்கிழங்கிற்கு நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு.

ஆயினும் இப்பருவம் இடர்ப்பாடு மிக்கது. நடவின்போது மண் வெப்பமாக இருக்கும். பின்னர் மழை மிகுந்தால் விதை அழுகும். ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் இலைக்கருகல் நோய் பரவும். பயிர் வயலில் நிற்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு சோதனை. இத்தகைய மேட்டுநிலங்களுக்கென 1972-இல் ஒரு குறுகிய கால இரகம் வெளியிடப்பட்டது. சற்று மிகுந்த வெப்பத்திலும் விரைவாகக் கிழங்கு பிடிக்கும் அதன் பெயர் குஃப்ரி லவ்கர். மராத்தி மொழியில் ‘லவ்கர்’ என்றால் ‘விரைவில்’ என்று பொருள். மும்பையில் சில காலம் வாழ்ந்த தமிழர் எவருக்கும் இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில், 2006-இல் வெளிவந்த குஃப்ரி சூரியாவும் வெப்பத்தைத் தாங்கும் இரகமாகும்.

நீலகிரியின் பாடம்

தமிழ்நாட்டில் உருளைக்கிழங்கின் தாயகம் எனக் கருதத்தக்கது நீலகிரி. உதகமண்டலத்தையடுத்த முத்தோரையில் மத்திய நிலையத்தின் கிளை இயங்கி வருகிறது. அங்கே தொடக்க ஆண்டு, கோடை, இலையுதிர் காலம் என ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் நடவு நிகழ்கிறது. விளைந்த கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் விடப்படுகிறது.

1961-இல் இம்மலையில் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. வேரைத் தாக்கும் இப்புழுவின் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்க வல்லவை. இதனால் நீலகிரியின் விதைக்கிழங்கு பிற பகுதிகளுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. நூற்புழுவை எதிர்க்கும் குஃப்ரி சுவர்ணா 1985-இல் வெளியிடப்பட்டது. இரகத்தைத் தேர்ந்தெடுக்கும் உழவர் நாட்களை மட்டும் எண்ணினால் போதாது, தம் மண்ணில் உள்ள பகையையும் எண்ண வேண்டும் என்பதே நீலகிரி தரும் பாடம்.

முன்னதாகத் தோண்டுவதா, காத்திருப்பதா?

பஞ்சாபின் ஹோசியார்ப்பூர் பகுதியிலும், உத்தரப் பிரதேசத்தின் பரூக்காபாத் பகுதியிலும் விரைவில் பருக்கும் இரகத்தைச் செப்டம்பரில் நட்டு, 60 அல்லது 65 நாட்களிலேயே தோண்டிவிடும் வழக்கம் உள்ளது. இக்கிழங்கு முதிர்ந்ததன்று, ஆனால் விலை உள்ளபோது சந்தையை அடைகிறது. நிலமும் கோதுமைக்கோ வேறு பயிருக்கோ விடுபடுகிறது.

இதன் இலாப நட்டத்தை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். ஒரு ஹெக்டேரில் 60-ஆம் நாள் 12 டன்னும், 90-ஆம் நாள் 24 டன்னும் கிடைக்கும் எனக் கொள்வோம். முதல் நாளில் கிலோ 20 ரூபாய்க்கு விற்றால் வரவு 2,40,000 ரூபாய். ஒரு மாதம் கழித்து விலை 10 ரூபாயாகச் சரிந்தால், இரு மடங்கு கிழங்கை விற்றும் வரவு அதே 2,40,000 ரூபாய்தான். அதிகப்படியான 12 டன்னைத் தோண்டவும், மூட்டை கட்டவும், ஏற்றவும் ஆன கூலி கைப்பொருளிலிருந்து போய்விடும். விலை 14 ரூபாயில் நின்றிருந்தாலோ, காத்திருந்தவருக்கு 96,000 ரூபாய் கூடுதல் வரவு. எனவே ‘விளைச்சல் எவ்வளவு பெருகும்’ என்ற கேள்வியுடன் ‘விலை எவ்வளவு குறையும்’ என்ற கேள்வியையும் சேர்த்தே விடை காண வேண்டும்.

கடன் பெற்ற சிறு உழவருக்கு இத்தேர்வு முழுமையாக இல்லை. தவணை நாள் நெருங்கும்போது அவர் முதிராத கிழங்கைத் தோண்டுகிறார். அவரைப்போன்ற பலரும் ஒரே வாரத்தில் தோண்டுவதால் எதிர்பார்த்த முன்பருவ விலையும் கிடைப்பதில்லை. பயிரின் நாள் கணக்கும் கடனின் நாள் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமையே இங்கு இழப்பிற்குக் காரணம்.

சேமிப்பும் தொழிற்சாலையும்

முதிராத கிழங்கைச் சேமிக்க இயலாது. அதன் தோல் உரியும், நீர் வற்றும், காயத்தின் வழியே அழுகல் நுழையும். கிடங்கிற்குச் செல்ல வேண்டிய பயிருக்கு அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே பாசனத்தை நிறுத்தி, செடியின் மேற்பகுதியை வெட்டிவிட்டு, தோல் இறுகப் பத்து முதல் பதினைந்து நாள் விட்டுத் தோண்ட வேண்டும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலும் தோல் உரியாமலிருப்பது எளிய சோதனையாகும். தோண்டிய கிழங்கை வெயிலில் போடலாகாது. ஒளிபட்டுப் பச்சை நிறம் கண்ட கிழங்கில் நச்சுத்தன்மையுள்ள சோலனின் மிகுந்துவிடும்.

விதைக்கென வளர்ப்பதில் நாள் கணக்கே வேறு. நச்சுயிரி நோய்களைப் பரப்பும் அசுவினிப் பூச்சிகள் பெருகுமுன்பே, முழு முதிர்ச்சிக்குக் காத்திராமல் செடியை வெட்டிவிட வேண்டும். டாக்டர் புஷ்கர்நாத் வகுத்த இம்முறையே சமவெளியில் தூய விதை உற்பத்திக்கு வழி திறந்தது; மலைப்பகுதி விதையை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறியது.

வறுவல் தொழிற்சாலைகளுக்கு முழு முதிர்ச்சி இன்றியமையாதது. உலர்பொருள் 20 விழுக்காட்டிற்குக் குறையாமலும், ஒடுக்கும் சர்க்கரை மிகக் குறைவாகவும் இருந்தால்தான் வறுவல் பொன்னிறமாக வரும். முதிராத கிழங்கில் சர்க்கரை மிகுதி. 2 முதல் 4 டிகிரி குளிரில் பல மாதம் வைக்கப்பட்ட கிழங்கிலும் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது. நெருள் அடுக்களையில் வறுவல் கருத்ததற்கும் இனித்ததற்கும் விளக்கம் இதுவே. அத்தகைய கிழங்கு பொரியலுக்கும் மசாலாவிற்கும் ஏற்றதே. வறுவலுக்கு மட்டும் பொருந்தாது.

செய்ய வேண்டுவன

விதை மூட்டையில் இரகத்தின் பெயருடன், அந்த வட்டாரத்தில், அந்தப் பருவத்தில் அது எடுத்துக்கொள்ளும் நாட்களும் குறிக்கப்பட வேண்டும். வேறொரு மாநிலத்தின் நாள் கணக்கு உள்ளூர் உழவருக்கு வழிகாட்டியாகாது. ஒரு கிராமம் முழுவதும் ஒரே இரகத்தை ஒரே வாரத்தில் நடாமல், குறுகிய கால, மத்திய கால இரகங்களைப் பகிர்ந்து நட்டால் வரத்து பரவலாகும். கடன் தவணையை அறுவடை நாளுக்குப் பின் சில வாரங்கள் தள்ளி அமைப்பது, கூட்டுறவு நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க எளிய சீர்திருத்தமாகும்.

குறுகிய கால இரகம் உயர்ந்தது என்றோ, நீண்ட கால இரகம் தாழ்ந்தது என்றோ கூறுவதற்கில்லை. மழையையும், மண்ணையும், சந்தையையும், கையிருப்பையும் பொருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இரகமே உயர்ந்தது. அந்தத் தேர்வை உழவர் தம் அறிவைக் கொண்டு செய்யும் நிலை ஏற்படுமாயின், துர்பேயில் இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் அதனை விளைவித்தவருக்கு உரிய பயனைத் தந்த பின்னரே நெருளின் அடுக்களையை அடையும்.