ஐஸ் தண்ணீர் குற்றவாளியா? பாடும் முன் குரலை ஏன் பதப்படுத்த வேண்டும்

மாணவர்களே, சில ஆண்டுகளுக்கு முன் கமுந்திங்கிலிருந்து மாணவர்கள் சிலரை ஒரு பாட்டுப் போட்டிக்கு வேனில் அழைத்துப் போனேன். அவர்களில் படிவம் இரண்டு மாணவன் ஒருவன் மீது எங்களுக்கு நிறைய நம்பிக்கை. ஆறு மாதமாகப் பயிற்சி செய்திருந்தான். விடியற்காலையில் வேன் ஏறியவன் வழி முழுவதும் வாயைத் திறக்கவில்லை. ஏனப்பா என்று கேட்டேன். "குரலைச் சேர்த்து வைக்கிறேன் சார்" என்று கையால் எழுதிக் காட்டினான்.

மண்டபத்தில் குளிர்சாதனம் பலமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் எண் அழைக்கப்படும் முன் ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் குடித்தான். மேடை ஏறினான். முதல் அடி நன்றாக இருந்தது. மேல் சட்ஜத்தைத் தொட்டதும் குரல் இரண்டாக உடைந்தது. மறுபடி முயன்றபோது காற்று மட்டும்தான் வந்தது. பாதியில் இறங்கி வந்துவிட்டான்.

"ஐஸ் தண்ணியக் குடிக்காதடான்னு சொன்னேனே!" என்று அவன் அம்மா வருந்தினார். "இனிமே நான் பாட மாட்டேன் சார்" என்றான் அவன்.

எனக்கு மனம் கேட்கவில்லை. நான் பாட்டு ஆசிரியர் அல்லன், அறிவியல் ஆசிரியர். எனவே, குற்றவாளி யார் என்று ஒரு சோதனையைப் போலவே ஆராய்ந்தேன். சந்தேகப் பட்டியலில் நான்கு பேர்: ஐஸ் தண்ணீர், முந்தைய நாள் நடந்த இல்ல விளையாட்டுப் போட்டி, காலை முழுவதும் காத்த மௌனம், அவனுடைய வயது. ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

தொண்டைக்குள் இரண்டு மடிப்புகள்

உங்கள் விரலைக் கழுத்தின் முன்பக்கம் மெல்ல வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஊதுங்கள். ஒன்றும் தெரியாது. இப்போது 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். விரல் அதிர்கிறது அல்லவா? அந்த இடத்தில்தான் குரல்வளை இருக்கிறது. அதற்குள் மூச்சுக்குழாயின் வாசலில் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. நாண் என்று சொன்னாலும் அவை வீணைத் தந்தி போன்ற கம்பிகள் அல்ல. தசையும் சவ்வும் சேர்ந்த இரண்டு மடிப்புகள். வளர்ந்த ஆணுக்கே அவற்றின் நீளம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான்.

இவை அதிர்வதை உயிருள்ள மனிதரின் தொண்டையில் தெளிவாகப் பார்த்துப் பதிவு செய்தவர் ஒரு மருத்துவர் அல்லர். ஒரு பாட்டு ஆசிரியர். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மானுவல் கார்சியா, 1854-ஆம் ஆண்டு பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்தார். இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் விழச் செய்து, தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார்.

1974-இல் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ இந்த மடிப்புகளின் அடுக்குகளை விளக்கினார். உள்ளே தசை. அதன் மேலே, அகர்-அகர் போன்ற மென்மையான ஓர் அடுக்கு. அதை மூடியபடி மெல்லிய தோல். நாம் பாடும்போது அலையலையாக ஆடுவது பெரும்பாலும் அந்த மேல் அடுக்குதான்.

நுரையீரலிலிருந்து வரும் காற்று, மூடியிருக்கும் மடிப்புகளைத் தள்ளித் திறக்கிறது. உடனே அவை திரும்பி வந்து மோதி மூடிக்கொள்கின்றன. இது ஒரு விநாடியில் எத்தனை முறை நடக்கிறதோ அதுவே அந்தச் சுரத்தின் அதிர்வெண். ஐந்து கட்டைச் சுருதியில் பாடினால் சட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். மேல் சட்ஜம் அதன் இரு மடங்கு, 392 ஹெர்ட்ஸ். அதாவது, மேல் சட்ஜத்தை ஒரே ஒரு விநாடி நீட்டினால் உங்கள் குரல் நாண்கள் 392 முறை மோதிக்கொள்கின்றன. ஐந்து நிமிடப் பாட்டுக்கு, சராசரி 250 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 250 × 300 = 75,000. மூச்சு வாங்கும் நேரத்தைக் கழித்தாலும் 50,000-க்குக் குறையாது.

முதல் சந்தேக நபருக்கு விடுதலை

நாம் விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது. தண்ணீர் பின்பக்கம் உள்ள உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போகிறது. குரல் நாண்களைத் தண்ணீர் தொட்டால் நமக்குப் புரை ஏறும். ஆகவே, ஐஸ் தண்ணீர் குரல் நாண்களை நேராகக் 'குளிர வைக்க' முடியாது. சூடான தேநீரும் இஞ்சிச் சாறும் அவற்றைத் தொட்டுக் குணப்படுத்துவதும் இல்லை. கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். குரல் நாண்கள் அதற்கும் கீழே இருக்கின்றன.

ஆனால் தண்ணீர் தேவைதான். குரல் நாண்களின் மேற்பரப்பு ஈரமாக இருந்தால் குறைந்த காற்றழுத்தத்திலேயே அதிரத் தொடங்கும். நாம் குடிக்கும் நீர், குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தின் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். மேடை ஏறும் நேரத்தில் அவசரமாகக் குடிப்பது அதற்குப் போதாது. போட்டிக்கு முந்தைய நாளிலிருந்தே போதிய தண்ணீர் குடியுங்கள். தைப்பிங் வட்டாரத்தில் மழைக்கும் ஈரக் காற்றுக்கும் குறைவில்லை. ஆனால் குளிர்சாதன மண்டபத்தின் காற்று வறண்டது. புகைமூட்டக் காலத்திலும் தொண்டை எளிதில் எரிச்சலடையும்.

மௌனத்திலிருந்து நேராக உச்சத்துக்கு

நம் மாணவன் 'குரலைச் சேர்த்து வைத்தான்' அல்லவா? அதில்தான் ஒரு தவறு இருந்தது. உறங்கி எழுந்ததும் நம் குரல் தடித்து, தாழ்ந்து ஒலிக்கும். பல மணி நேரம் படுத்திருந்ததால் குரல் நாண்களில் சிறிது திரவம் தேங்கி அவை கொஞ்சம் கனத்திருப்பது இதற்கு ஒரு காரணம். கனமான பொருள் மெதுவாக அதிரும். பேசப் பேச அது சரியாகிவிடும். அவன் பேசவே இல்லை.

'குரலைச் சூடாக்குதல்' என்று சிலர் சொல்வார்கள். நம் உடலின் உட்பகுதி எப்போதும் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ்தான். எனவே இதில் சூட்டைவிட ஒத்திசைவுதான் முக்கியம். ஒரு பலூனை ஊதி, அதன் வாயை இரு விரல்களால் இழுத்துப் பிடித்துக் காற்றை விடுங்கள். கீச்சென்ற ஒலி வரும். இன்னும் இழுத்தால் ஒலி உயரும். குரல்வளையிலும் ஒரு சிறு தசை குரல் நாண்களை இழுத்து நீட்டித்தான் சுரத்தை உயர்த்துகிறது. அந்த இழுப்பு, இரண்டு மடிப்புகளையும் மூடும் தசைகளின் பிடி, கீழிருந்து வரும் மூச்சின் அழுத்தம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இழுப்பு போதாமல் காற்றை மட்டும் பலமாகத் தள்ளினால் மடிப்புகள் முரட்டுத்தனமாக மோதும். அல்லது பிடி விட்டுப் போய்க் குரல் உடையும். தாழ்ந்த, மெல்லிய ஒலியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறினால் இந்த மூன்றுக்கும் பொருந்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

இப்படிப் பதப்படுத்துவதால் ஏற்படும் மாற்றங்களைக் கருவிகளால் அளந்த ஆய்வுகள் எல்லாமே ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால், பயிற்சிக்குப் பின் குறைந்த முயற்சியில் பாட முடிகிறது என்று பாடகர்கள் பரவலாகச் சொல்கிறார்கள்.

பாட்டு வகுப்பின் முதல் பாடம்

கர்நாடக இசை கற்பவர்களுக்கு இது புதிதல்ல. சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் வகுத்துத் தந்தவர் புரந்தரதாசர் என்று மரபு சொல்கிறது. சுரங்கள் ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியாக இறங்கும். முதல் காலத்தில் மெதுவாகப் பாடிய பிறகே இரண்டாம், மூன்றாம் காலத்துக்குப் போவோம். விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில், அதாவது தாழ்ந்த சுரங்களில், சாதகம் செய்யச் சொல்வார்கள். 'ஆ' என்ற ஒரே உயிரொலியில் அகார சாதகமும் உண்டு. குரல்வளையின் உள்ளே பார்க்கக் கருவி இல்லாத காலத்திலேயே, காதால் கேட்டும் அனுபவத்தாலும் கண்டுபிடித்த வரிசை அது. காலையில் தளர்ந்து கனத்திருக்கும் குரல் நாண்களுக்குத் தாழ்ந்த சுரமே இயல்பாக வரும் என்பதை இப்போது நீங்களே விளக்க முடியும்.

உறிஞ்சு குழாய்ச் சோதனை

இன்றைய குரல் ஆராய்ச்சியாளர்கள் ஓர் எளிய கருவியையும் சேர்த்திருக்கிறார்கள். அது பானம் குடிக்கும் உறிஞ்சு குழாய்! அமெரிக்கக் குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சே இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார்.

ஒரு கோப்பையில் மூன்று விரல் உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயின் நுனியை அதில் நனைத்து, மறு நுனியை உதடுகளால் பிடித்து 'ஊ' என்று மெல்லப் பாடுங்கள். குமிழ்கள் ஒரே சீராக வர வேண்டும். காற்று எளிதில் வெளியேற முடியாததால் வாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் குரல் நாண்களின் மேல்பக்கத்தில் செயல்பட்டு, அவை இறுக்கமாக மோதாமல் மெல்லத் தொட்டு அதிர உதவுகிறது. அதே சுரம், ஆனால் மோதல் குறைவு. 'ம்ம்ம்' என்று வாயை மூடிப் பாடுவதும், சின்ன வயதில் லாரி ஓட்டி விளையாடியபோது உதடுகளைத் துடிக்கவிட்டு 'ப்ர்ர்ர்' என்று சொன்னோமே, அதுவும் இதே வேலையைச் செய்கின்றன.

பத்து நிமிடப் பயிற்சி

1. ஒரு நிமிடம்: தோள்களைத் தளர்த்தி நிமிர்ந்து நில்லுங்கள். வயிற்றில் கை வைத்து மூச்சை இழுங்கள். உதரவிதானம் கீழே இறங்குவதால் வயிறு முன்னே வரும். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று பத்து எண்ணும் வரை சீராக விடுங்கள்.

2. இரண்டு நிமிடம்: 'ம்ம்ம்' அல்லது 'ப்ர்ர்ர்'. பேசும் குரலின் உயரத்தில் தொடங்கி, சற்று மேலும் கீழும் வழுக்கிச் செல்லுங்கள்.

3. இரண்டு நிமிடம்: உறிஞ்சு குழாயில் 'ஊ'. தாழ்ந்த சுரத்திலிருந்து நடுச் சுரம் வரை.

4. மூன்று நிமிடம்: சரளி வரிசை, மெல்லிய குரலில். முதல் காலம், பிறகு இரண்டாம் காலம்.

5. இரண்டு நிமிடம்: 'ஆ' என்று ஒவ்வொரு சுரமாக மேல் சட்ஜம் வரை ஏறுங்கள். கடைசியாக உங்கள் பாட்டின் முதல் அடியைப் பாதிக் குரலில் பாடுங்கள்.

எந்த இடத்திலும் வலியோ இறுக்கமோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திக் கீழே வாருங்கள். பாடும் முன் தொண்டையைப் பலமாகக் கனைக்காதீர்கள். அதுவும் குரல் நாண்களை ஓங்கி மோதவிடுவதுதான். ஒரு வாய்த் தண்ணீர் குடித்து விழுங்கினால் போதும்.

பயிற்சியால் தீராத இரண்டு

மீதம் இருவர் இருக்கிறார்கள். முந்தைய நாள் விளையாட்டுப் போட்டியில் நம் மாணவன் தன் இல்லத்துக்காக மாலை வரை கத்தியிருக்கிறான். ஓங்கிக் கத்தும்போது குரல் நாண்கள் பலத்த வேகத்தில் மோதி வீங்குகின்றன. வீங்கிய மடிப்புகள் முழுமையாக மூடாது. இடைவெளியில் காற்று கசியும். அதுதான் கரகரப்பு. வீங்கிய குரலை எந்தப் பயிற்சியும் பத்து நிமிடத்தில் சரிசெய்யாது. ஓய்வுதான் மருந்து. நாள்தோறும் இப்படிக் கத்தினால் குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் உருவாகலாம். சளி காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் கிளினிக்குக்குப் போய், காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

கடைசி நபர், வயது. பருவ வயதில் ஆண்களின் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் அதிர்வெண் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பெண்களுக்கும் குரல் சற்று இறங்கும், ஆனால் குறைவாக. இதைத்தான் நம் பெரியவர்கள் மகரக்கட்டு உடைவது என்றார்கள். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் நடித்த சிறுவர்கள் பலர், மகரக்கட்டு உடைந்ததும் வேடத்தை இழந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க உச்சக் குரல் தேவைப்பட்டது. இன்று மைக் இருக்கிறது. குரல் மாறும் வயதில் பழைய சுருதியைப் பிடித்துக்கொண்டு போராட வேண்டிய அவசியமே இல்லை. இது நோயும் அல்ல, தோல்வியும் அல்ல. உங்கள் பாட்டு ஆசிரியரிடம் சொல்லிக் கட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஐஸ் தண்ணீர் நிரபராதி. மற்ற மூன்றும் சேர்ந்துதான் அவன் குரலை உடைத்தன. இதை அவனிடமும் அவன் அம்மாவிடமும் பலூனை வைத்து விளக்கினேன். சில நாள் குரலுக்கு ஓய்வு கொடுத்தான். அவன் பாட்டு ஆசிரியர் ஐந்து கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறக்கிப் பாடவைத்தார். அடுத்த ஆண்டு போட்டியன்று மண்டபத்தின் பின்பக்கம் நின்று போத்தலில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கடைசி அடி வரை குரல் உடையவில்லை. இன்னும் பாடிக்கொண்டிருக்கிறான்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சோதனை. திங்கட்கிழமைக் காலைச் சபைக்கூடலில் 'நெகாராகூ' பாடும்போது உங்கள் குரல் உயர்ந்த இடங்களில் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அடுத்த திங்கட்கிழமை, வீட்டிலிருந்து பள்ளி வரும் வழியில் ஐந்து நிமிடம் 'ம்ம்ம்' என்று பாடிக்கொண்டு வந்து, மறுபடியும் கவனியுங்கள். இரண்டையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.