மூன்று மாதம் கழித்துச் சிவந்த வானம்

1883 நவம்பர் 26, லண்டன். சூரியன் இறங்கிவிட்டது, மங்கிப்போன மேற்கு வானம் மறுபடி சிவந்து எரியத் தொடங்கியது. தேம்ஸ் நதிக்கரையில், செல்சியில், வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் பேஸ்டல் குச்சிகளோடு அதை வரைந்துகொண்டிருந்தார். ஒரு தாளில் ஆரஞ்சு, அடுத்ததில் ரோஜா நிறம், அதற்கடுத்ததில் கன்றிய சிவப்பு. நீர்வண்ணம் காயும்வரை வானம் காத்திருக்காது. வண்ணப் புகைப்படமோ அன்று புழக்கத்துக்கு வரவில்லை. பேஸ்டலைத் தேய்த்தால் நிறம் உடனே வந்துவிடும்.

அந்தச் சிவப்பின் ஊற்று இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் இருந்தது. ஆகஸ்ட் 27 அன்று கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது; அதிலும் அதனால் எழுந்த ஆழிப்பேரலைகளிலும் முப்பத்தாறாயிரம் பேருக்கும் மேல் மாண்டார்கள். மேலே போன கந்தக வாயு அடுக்கு மண்டலத்தில் நுண்துளிகளாக மாறி உலகைச் சுற்றியது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் அதைப் பதிவுசெய்தார். காற்றில் மிதக்கும் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில், சிவப்பொளியின் அலைநீளத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால், சிவப்பு அதிகமாகச் சிதறிவிடும். பச்சையும் நீலமும் நேரே வந்து சேரும்.

ஆஸ்கிராஃப்ட் அந்த ஒரு மாலையோடு நிறுத்தவில்லை. ஐநூறுக்கும் மேற்பட்ட வானங்களை வரைந்தார். ராயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட கிரக்கத்தோவா அறிக்கையின் முகப்பில் அந்த நவம்பர் மாலையின் படங்களே உள்ளன, மணிக் குறிப்போடு. அந்த மணிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தரை இருட்டிய பிறகும் உயரத்தில் மிதக்கும் நுண்துளிகளுக்கு வெயில் கிடைக்கும். எவ்வளவு உயரமோ, ஒளி அவ்வளவு நேரம் நீடிக்கும். சிவப்பு அணைந்த நேரம் தெரிந்தால் அவற்றின் உயரத்தைக் கணக்கிடலாம். அறிவியலாளர்கள் அப்படித்தான் கணக்கிட்டார்கள்.

2007இல் கிரேக்க ஆய்வாளர்கள் இன்னொரு வழியில் போனார்கள். 1500 முதல் 1900 வரை வரையப்பட்ட ஐநூறுக்கும் மேற்பட்ட அந்தி ஓவியங்களில் சிவப்புக்கும் பச்சைக்குமான விகிதத்தை அளந்தார்கள். பெரிய வெடிப்புகளை அடுத்த ஆண்டுகளில் அந்த விகிதம் கூடியிருந்தது.

எட்வர்ட் முங்கின் ‘அலறல்’ ஓவியத்தில் இருப்பதும் கிரக்கத்தோவா வானமே என்று சொல்பவர்கள் உண்டு. அது 1893இல் வரைந்தது. வெடித்துப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தச் சிவப்பை எரிமலைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்கிராஃப்டின் சிவப்புக்கு நாளும் உண்டு, மணியும் உண்டு.