ஃபெரோமோன் பெர்ஃப்யூம் அடிச்சா க்ரஷ் திரும்பிப் பார்ப்பாங்களா?

போன மாசம் என் ரூம்மேட் ஒரு பார்சலைப் பிரிச்சான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பாட்டில். விலை 1,500 ரூபாய். "சாதாரண சென்ட் இல்லடா, ஃபெரோமோன் பெர்ஃப்யூம். அடிச்சுட்டுப் போனா பொண்ணுங்க தானா வந்து பேசுவாங்களாம்" என்றான். நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. ஆபீஸில் ஒரு பெண்ணிடம் 'ஹாய்' தாண்டி ஒரு வார்த்தை பேச முடியாமல் ஆறு மாதமாகத் தவிக்கிறவன் அவன்.

இன்ஸ்டா ரீல்ஸில் இந்த விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். சரி, ஃபெரோமோன்னா என்ன?

கத்தரிக்காய் போடும் விவசாயியைக் கேளுங்கள், நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார். தோட்டத்தில் 'இனக்கவர்ச்சிப் பொறி' தொங்கும். உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டில் பெண் அந்துப்பூச்சியின் வாசனையைச் செயற்கையாக ஏற்றியிருப்பார்கள். ஜோடி கிடைக்கும் என்று பறந்து வரும் ஆண் பூச்சி நேராகப் பொறிக்குள் விழும். பாவம், அங்கே பெண்ணே கிடையாது!

ஒரு உயிரினத்தின் உடலிலிருந்து வெளியாகி, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றிடம் குறிப்பிட்ட ஒரு எதிர்வினையைத் தூண்டும் ரசாயனம்தான் ஃபெரோமோன். அந்தப் பெயரை வைத்தது 1959-ல். அதே வருடம் ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் புட்டனாண்ட், பட்டுப்பூச்சியிடமிருந்து முதல் ஃபெரோமோனைப் பிரித்துக் காட்டினார். அதற்கு அவர் குழுவுக்குச் சுமார் 20 வருடமும், கிட்டத்தட்ட 5 லட்சம் பெண் பூச்சிகளும் தேவைப்பட்டன.

பாலூட்டிகளிலும் இது உண்டு. ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கும் ஆண்ட்ரோஸ்டெனோன் வாசனை பட்டால், சினையாகத் தயாராக இருக்கும் பெண் பன்றி இணைசேர ஏதுவாக அசையாமல் நிற்கும். செயற்கைக் கருவூட்டலுக்காகப் பன்றிப் பண்ணைகளில் இதை ஸ்பிரேயாகவே அடிக்கிறார்கள். மனிதர்களுக்கு இதே வாசனை எப்படித் தெரியும்? சிலருக்கு மூத்திர நாற்றம், சிலருக்கு லேசான இனிப்பு வாசம், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. மூக்கில் இருக்கும் ஒரு மரபணு வித்தியாசம்தான் இதற்கு முக்கியக் காரணம் என்று 2007-ல் கண்டுபிடித்தார்கள். உங்க க்ரஷ் இதில் எந்த ரகம்னு யாருக்குத் தெரியும்?

மனித ஃபெரோமோன் கதை பெரிதானது 1991-ல். பாரிஸில் ஒரு மாநாடு. அதற்கு ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு இதில் வியாபார ஆசை இருந்தது. அங்கேதான் இரண்டு மூலக்கூறுகளை 'மனித ஃபெரோமோனாக இருக்கலாம்' என்று முன்வைத்தார்கள். ஏன் அந்த இரண்டு? அதற்கான ஆதாரமே காட்டப்படவில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி டிரிஸ்ட்ரம் வயட் 2015-ல் போட்டு உடைத்தார். ஆனாலும் அதற்குள் அவற்றை நம்பி ஏகப்பட்ட ஆய்வுகள் வந்துவிட்டன. 2017-ல் ஆஸ்திரேலியாவில் அதே இரண்டையும் முகரவைத்து, எதிர்பாலினத்தவரின் முகப் படங்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். அழகு மதிப்பெண் துளியும் மாறவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல விலங்குகளில் ஃபெரோமோனைப் பிடிக்க மூக்கை ஒட்டி ஒரு தனி உறுப்பு வேலை செய்கிறது. நமக்கு அது வெறும் குழியாக மிஞ்சியிருக்கிறது, அது இயங்கத் தேவையான முக்கிய மரபணுவும் செயலிழந்துவிட்டது.

அப்போ உடல் வாசனைக்கும் ஈர்ப்புக்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 1995-ல் சுவிட்சர்லாந்தில் கிளாஸ் வெடகிண்ட், ஆண்கள் இரண்டு இரவு போட்டுத் தூங்கிய டி-ஷர்ட்களைப் பெண்களிடம் முகரக் கொடுத்தார். தங்களிடமிருந்து வேறுபட்ட நோய் எதிர்ப்பு மரபணு கொண்டவர்களின் வாசனையே பல பெண்களுக்குப் பிடித்தது. கருத்தடை மாத்திரை எடுத்தவர்களிடம் இது தலைகீழ். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டாலும், இது ஆளுக்கு ஆள் மாறும் விருப்பம். எல்லோரையும் ஒரேமாதிரி இழுக்கும் ஒன்றை பாட்டிலில் அடைக்க இதில் வழியில்லை.

எனக்கு உறுத்துவது 1,500 ரூபாய்கூட இல்லை. 'அவளால் மறுக்கவே முடியாது' என்று எழுதியிருக்கிறார்களே, அந்த வரி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்... அது உண்மையாக இருந்தால் அந்த பாட்டிலின் பெயர் பெர்ஃப்யூம் இல்லை, மயக்க மருந்து! எதிரே நிற்கும் பெண்ணின் விருப்பத்தை ஸ்பிரே அடித்து மாற்றலாம் என்று நினைப்பவன், அவளை அந்தப் பண்ணைப் பன்றியாகத்தானே பார்க்கிறான்? என் ரூம்மேட் அப்படிப்பட்டவன் இல்லை. பயம்தான் அவனை வாங்கவைத்தது. அந்தப் பயத்தைக் குறிவைத்துத்தான் விளம்பரமே எடுக்கிறார்கள்.

மனிதர்களிடம் ஃபெரோமோன் இருக்கவே வாய்ப்பில்லை என்று வயட்டும் சொல்லவில்லை. அவர் தேடச் சொல்லும் இடம்தான் வேறு. பாலூட்டும் தாயின் மார்புக் காம்பைச் சுற்றியுள்ள சுரப்பிகளிலிருந்து கசியும் திரவத்தை முகர்ந்தால், பிறந்து மூன்றே நாளான குழந்தை வாயைக் குவித்து, நாக்கை நீட்டிப் பால் தேடுகிறது. அந்தத் தாய் அதன் சொந்த அம்மாவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எல்லோரும் படுக்கையறையில் தேட, தடயம் கிடைத்திருப்பதோ தொட்டில் பக்கம்!

ரூம்மேட்டிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஆறுதலுக்கு 2009-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்றையும் சொன்னேன். சில ஆண்களுக்கு வாசனையுள்ள டியோடரன்ட், சிலருக்கு வாசனை இல்லாதது. அவர்களை வீடியோ எடுத்து, சத்தமில்லாமல் பெண்களுக்குக் காட்டினார்கள். வாசனை அடித்தவர்களுக்கே அதிக மார்க் விழுந்தது. வெறும் போட்டோவில் இந்த வித்தியாசம் இல்லை. வீடியோவில் வாசனை வராதே! அடித்தவனின் தோரணை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

"அப்போ 150 ரூபாய் டியோவே போதுமா?" என்றான். போதும் என்றேன். மறுநாள் குளித்து, அந்த டியோவையே அடித்துக்கொண்டு போனான். கேன்டீனில் அந்தப் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசினானாம். என்ன பேசினாய் என்று கேட்டேன்.

பன்றிக் கதையைச் சொன்னானாம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம்.