பத்து விநாடிக் கவனம்

விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும் வேளையில் நம்மில் பலர் கண்களை மூடிச் செபிக்கிறோம். சிலர் சன்னலோரம் சாய்ந்து, சிறுத்துப் போகும் வீடுகளை வேடிக்கை பார்க்கிறோம். அதே நிமிடங்களில் முன்னறையில் அமர்ந்திருக்கும் விமானிகளுக்கு மூச்சுவிடவும் நேரமில்லை. சக்கரங்களை உள்ளிழுக்க வேண்டும். வானொலி அலைவரிசையை மாற்ற வேண்டும். குறித்த இடத்தில் திரும்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஒன்றை மறக்கலாகாது: எந்த உயரத்தில் ஏற்றத்தை நிறுத்த வேண்டும் என்பதே அது.

வானத்திற்கு எல்லையில்லை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பெருநகரங்களின் மேலுள்ள வானமோ மாடி மாடியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புறப்படுவோருக்கு ஒரு மாடி, இறங்குவோருக்கு வேறொரு மாடி. நியூயார்க் மாநகரை அடுத்த டெட்டர்பரோ விமான நிலையம் இதற்குத் தக்க சான்று. அங்குள்ள புறப்பாட்டு முறைகளுள் ஒன்றின்படி, கிளம்பும் விமானம் முதலில் 1,500 அடியில் ஏற்றத்தை நிறுத்தி, குறித்த இடத்தைக் கடந்த பின்னரே 2,000 அடிக்கு ஏற வேண்டும். அண்மையிலுள்ள நூவர்க் நிலையத்தில் இறங்கும் பெரிய விமானங்கள் அதற்குச் சற்று மேலே செல்வதே காரணம். நிமிடத்திற்கு 3,000 அடி வீதம் ஏறும் விமானம் 500 அடியைக் கடக்கப் பத்தே விநாடிகள் போதும். அந்தப் பத்து விநாடிகளில் ஒருவர் வரைபடத்தை நோக்க, மற்றவர் வானொலியில் பதிலுரைக்க, 1,500 அடியில் நில்லாமல் மேலேறிவிட்ட விமானங்கள் பல. அவற்றைச் செலுத்தியவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர்; கவனம் சிதறியவர்கள், அவ்வளவே.

உயரம் தவறினால் நேரக்கூடியது யாது என்பதை நம் நாடே கண்டிருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவுதி விமானம் 14,000 அடிவரை ஏற அனுமதி பெற்றிருந்தது. எதிரே தில்லியை நோக்கி இறங்கிவந்த கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியிருந்தது. அது நில்லாமல் மேலும் இறங்கியது. அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. 349 பேரும் மாண்டனர். புறப்பட்டவர்கள் தங்கள் உயரத்தைப் பிழையின்றிக் காத்திருந்தும், பிறர் பிழை அவர்களையும் பலிகொண்டது.

கவனத்தைத் திருடுவது எப்போதும் பெரிய காரியமாயிருப்பதில்லை. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி நகரருகே 2,000 அடியில் பறந்த ஈஸ்டர்ன் நிறுவன விமானத்தில், முன்சக்கரத்திற்குரிய சிறு விளக்கு எரியவில்லை. விமானிகள் அனைவரும் அதிலேயே மூழ்கினர். விமானம் மெல்லத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் விழுந்ததை எவரும் உரிய வேளையில் உணரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இத்தகைய பாடங்களின் பயனாக 1981இல் அமெரிக்கா ஒரு விதி வகுத்தது. 10,000 அடிக்குக் கீழே பறக்கையிலும், தரையில் நகர்கையிலும், விமானிகள் பணிக்குத் தேவையற்ற பேச்சிலோ செயலிலோ ஈடுபடலாகாது. மேலும், கட்டுப்பாட்டு நிலையம் கூறும் உயரத்தை விமானி திருப்பிச் சொல்வார். கருவியில் அதைப் பொருத்தியபின் இருவரும் சரிபார்ப்பர். அந்த உயரத்தை எட்ட 1,000 அடி இருக்கும்போது ஒருவர் வாய்விட்டு அறிவிப்பார். வேறெந்தச் சிக்கல் எழுந்தாலும், ஒருவர் அதைக் கவனிக்க, மற்றவர் விமானத்தையே கவனிக்க வேண்டும்.

நினைவாற்றலில் வல்லவர்களே தங்கள் நினைவை நம்பாமல் இவ்வளவு காவல் அமைத்திருக்கிறார்கள். நாமோ வண்டியோட்டிச் செல்லும் மகனைத் தொலைபேசியில் அழைத்து, “எங்கே வருகிறாய்?” என்று கேட்கிறோம். அந்த அன்பான கேள்வியும் அவன் கவனத்தைக் கவரும் சிறு விளக்கே. அவன் வீடு வந்து சேரட்டும், பிறகு பேசுவோம்.